ஐம்பதுக்கு அப்புறம் என்ன?

பொத்தான் பட்டறையில் பெரியவளுக்குக் கணக்குப்புலி என்று பெயர். பள்ளிக்கூடம் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள். டீ வேளையில் கதவின் பின்பக்கம் சாக்பீஸால் எண்களை வரிசையாக எழுதுவாள். அடுத்து என்ன வரும் என்று மற்ற பெண்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். கடைசியில் அவளேதான் சொல்ல வேண்டும். அப்போது அவள் முகத்தைப் பார்க்கணுமே, கல்யாணப் பெண் தோற்றாள்! புருஷன் அவளை ஒரு வார்த்தை புகழ்ந்தவனில்லை. அவளுக்கென்று இருந்தது அந்தக் கதவு ஒன்றுதான்.

அங்கேதான் ஓரகத்தி வந்து சேர்ந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி, வீட்டில் சின்னவள், சாயத்தொட்டிப் பக்கம் வேலை. வந்த அன்றே, டீ கிளாஸ் உதட்டில் படுமுன் விடையைச் சொல்லிவிட்டாள். மறுநாளும் அப்படியே. கர்வமாவது பட்டாளா, அதுவும் இல்லை. "நல்லாயிருந்துச்சுக்கா" என்று சிரித்தாள். பெரியவளுக்கு அந்தச் சிரிப்பில் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் இருந்தது. வீட்டில் மாமியாரை வளைத்துப் போட்டாள், தொலையட்டும். இனி கதவும் அவளுக்கா?

பட்டறைக்கென்று ஒரு எழுத்துமுறை உண்டு. அட்டைக்கு ஆறு பொத்தான். ஆறு அட்டை ஒரு கட்டு. ஆறு சேர்ந்தால் இடப்பக்கம் ஒன்று ஏறும். அதனால் ஆறும் அதற்கு மேலும் உள்ள இலக்கங்களை யாரும் எழுதுவதே இல்லை. 14 என்றால் பதினாலு அல்ல. ஓர் அட்டை, நாலு உதிரி, ஆக பத்து. தைக்கிற பெண்களுக்குத் தூக்கத்தில்கூட இது தெரியும். சாயப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஓரகத்திக்கு எல்லாம் சொல்லிக்கொடு என்று மாமியார் சொல்லியிருந்தாள். தண்ணீர்ப்பானை இருக்கும் இடம் முதல் எல்லாம் சொன்ன பெரியவள், இதை மட்டும் முழுங்கிவிட்டாள்.

அன்று முதல் தடவையாகக் கதவில் அந்த எழுத்திலேயே எழுதினாள்:

5, 14, 23, 32, 41, 50

ஒவ்வொரு தடவையும் ஐந்து பொத்தான் கூட்டியிருந்தாள். சின்னவள் திருதிருவென்று விழிப்பாள் என்று நெஞ்சு குளிரக் காத்திருந்தாள். அவளோ சட்டென்று, "ஐம்பத்தி ஒன்பது" என்றாள்.

பெரியவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "இந்தப் பட்டறையில ஒன்பதே கிடையாதும்மா. அஞ்சு அட்டை, அஞ்சு உதிரி. ஐம்பத்தி அஞ்சு."

கொல்லென்று சிரித்தார்கள். எத்தனை நாளைக்கப்புறம் அவளுக்கு டீ இனித்தது!

மேற்பார்வைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. சின்னவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அட்டையும் பொத்தானுமாகக் காட்டி விளக்கினாள். சின்னவள் கதவில் இருந்த எண்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்போ ரெண்டும் சரிதானேக்கா? நான் ஒம்போது ஒம்போதா கூட்டுனேன். நீங்க அஞ்சு அஞ்சா. ஐம்பது வரைக்கும் ஒரே மாதிரி எழுதிட்டு, அதுக்கப்புறம்தான் பிரியுது. எப்படிக்கா யோசிச்சீங்க இதை?"

பெரியவள் யோசிக்கவே இல்லை. தான் போட்ட வரிசைக்குள் இப்படியொரு வரிசை ஒளிந்திருந்தது அவளுக்கே தெரியாது. இதைப்போல ஒரு புதிர் வந்ததே இல்லை என்று பெண்கள் மெச்சினார்கள். புகழ் பெரியவளுக்கு, கண்டுபிடித்தது சின்னவள். "யோசிச்சுதான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு கிளாஸைக் கழுவப் போனாள்.

மறுநாள் கதவில் சின்னவளின் கையெழுத்து இருந்தது. பட்டறை எழுத்தில்.

1, 2, 4, 12, 24, 52

திரும்பிப் பார்ப்பதில்லை என்று பெரியவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஆனால் உள்ளே வரும்போதே கண் அதை மேய்ந்துவிட்டிருந்தது. விடையும் தொண்டையில் வந்து நின்றது. சொன்னால் சின்னவள் புதிருக்கு மரியாதை கொடுத்ததாகும். வாயைப் பூட்டிக்கொண்டாள்.

"நூத்தி நாலு" என்றாள் மேற்பார்வைக்காரி, அவசரத்தில் பட்டறை எழுத்தை மறந்து ஐம்பத்திரண்டை இரட்டித்து.

அதைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை. "நூத்தி நாலாம்! இரட்டிக்கத் தெரிஞ்சா போதுமா, ஆறு சேர்ந்தா இடப்பக்கம் ஏத்த வேணாமா? ஒரு கட்டு, நாலு அட்டை, நாலு உதிரி. ஒண்ணு, நாலு, நாலு."

"அக்கா சொல்லிருவாங்கன்னு தெரியும்" என்றாள் சின்னவள், பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு.

பெரியவள் உட்காரவில்லை. சின்னவள் கையிலிருந்த சாக்பீஸை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கதவுக்குப் போனாள். இந்தத் தடவை ஒன்றல்ல, இரண்டு வரிசையாவது உள்ளே ஒளித்து வைக்க வேண்டும், இவள் விழி பிதுங்க வேண்டும். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. அவள் இன்னும் முதல் எண்ணையே எழுதவில்லை.