போகித் தீயில் ஒரு போர்வை

மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியை நான் பொய்க்காரி ஆக்கினேன். அவள் சொன்னது முழுக்க உண்மை. பொய் சொன்னது அவளுக்குப் பாடம் நடத்துகிற நான்தான்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி. நல்லவள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்... அப்படி நினைக்க ஊரில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். என் வகுப்பில் ஜவுளிக்கடைக்காரர் மகனும் உண்டு, விசைத்தறிக் கொட்டகையில் நூல் சுற்றுகிறவளின் மகளும் உண்டு. கிறிஸ்துமஸுக்குச் சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றிக்கொள்ள வைத்தோம். ரிமோட் கார் கொண்டுவந்த பையனுக்குக் கிடைத்தது ஒரு பிஸ்கட் பாக்கெட். எல்லார் முன்னாலும் அதைத் தூக்கி எறிந்தான். கொண்டுவந்த பெண் அதை எடுத்துத் துடைத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. பண்டிகை என்றால் எல்லாக் குழந்தைகளுக்கும் பண்டிகையாக இருக்க வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் பேசினேன். சங்கராந்தி விடுமுறைக்கு முன்பு பள்ளியிலேயே போகி கொண்டாடலாம், ஆளுக்கொரு பழைய பொருளைக் கொண்டுவந்து தீயில் போட்டால் போதும், யாருக்கும் செலவில்லை என்றேன். தலைமையாசிரியர் கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை!

பழையதைத் தூக்கிப் போடுவதற்கும் வசதி வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

பிள்ளைகள் கிழிந்த பாய், உடைந்த முறம், தேய்ந்த துடைப்பம் என்று கொண்டுவந்தார்கள். மோனிகா மட்டும் வெறுங்கையோடு நின்றாள். நூல் சுற்றுகிறவளின் மகள் என்றேனே, அவள்தான்.

“நீ இன்னா கொண்டாந்த?”

“எங்கூட்ல பழசு எதுவும் இல்ல மேடம்.”

“அப்போ உங்கூட்ல எல்லாமே புதுசா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மோனிகா ஓடினாள். பள்ளிக்குப் பின்சந்தில்தான் அவள் வீடு. திரும்பி வந்தபோது கையில் ஒரு போர்வை இருந்தது.

துவைத்து, நாலாக மடித்த போர்வை. ஓரங்களை வேறு நிற நூலால் தைத்திருந்தார்கள். தூக்கிப் போடப்போகிற துணியை யாராவது தைப்பார்களா? எனக்குத் தெரிந்தது. பார்த்தவுடனே தெரிந்தது! ஆனால் பெற்றோர் குழுவுக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு குழந்தையும் விடுபடக்கூடாது என்பது என் ஏற்பாடு. அவள் தீயைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்...

“போடு” என்றேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, மகளை இழுத்துக்கொண்டு அவள் அம்மா வந்தாள். வாசலில் மற்ற பெற்றோர்கள் நின்றிருந்தார்கள்.

“மேடம், எங்க மூணு பேத்துக்கும் அது ஒண்ணுதான் போர்வ. இந்தப் பனியில நடுங்கிக்கினு கெடக்குறோம். கேட்டா, மேடம்தான் நெருப்புல போடச் சொன்னாங்கன்னு சொல்லுது. நீங்க போய் அப்டி சொல்வீங்களா?”

என்மேல் எவ்வளவு நம்பிக்கை, பாருங்கள்!

“நாகேம் தெலுசம்மா” என்றேன். எனக்கென்ன தெரியும் என்று, தெலுங்கில். எங்கள் இருவர் வீட்டிலும் பேசுவது தமிழ்தான். தமிழில் அந்தப் பொய் என் வாயில் வரவில்லை. பள்ளிக்கூடத் தெலுங்கில் பேசினால் அவள் மேற்கொண்டு கேட்கமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அவள் போர்வையைத் தீயில் போடும் படம் பெற்றோர் குழுவில் இருந்தது; அதைப் பார்த்தவர்கள் யாரும் மேடத்துக்கு எதிராகப் பேசப்போவதில்லை. அவளிடம் இருந்தது பட்டன் போன்.

அவள் கேட்கவில்லை. மகளின் முதுகில் ஓர் அறை விட்டாள்.

“வித்து துன்னுட்டு மேடம் மேல பழி போடுறியா?”

மோனிகா அழவில்லை. இரண்டாவது அறை விழும்போதும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்... நான் ஏன் தடுக்கவில்லை? அடிக்காதேம்மா என்று சொல்லக்கூடவா எனக்கு வாயில்லை?

பிறகு கனமான போர்வை ஒன்று வாங்கினேன். கொடுத்தால் ஏன் என்று கேட்பார்களே! அது என் பீரோவில் பிரிக்காமல் கிடக்கிறது.

அம்மாவே வாசலில் வைத்துத் விற்றுத் தின்றவள் என்று சொன்ன பிறகு, வகுப்பில் எது காணாமல் போனாலும், போர்வை எரிந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளே மோனிகாவைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். போன வாரம் ஒருவனின் கலர் பென்சில் டப்பா காணவில்லை. யார் எடுத்தது என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அவள் எழுந்து நின்றாள்.

“நான்தான் எடுத்தேன் மேடம்.”

மதியம் அந்த டப்பா, தொலைத்தவனின் சாப்பாட்டுக் கூடையிலேயே கிடைத்தது. மோனிகாவைத் தனியே கூப்பிட்டு, எடுக்காததை ஏன் எடுத்தேன் என்றாய் என்று கேட்டேன்.

“இல்லன்னு சொன்னா நீங்க நம்பமாட்டீங்க மேடம். அதான்.”

அவள் பொய் சொல்லமாட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான். அதை அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.

“போய் உக்காரு” என்றேன்.