கண்ணாடி ஓட்டையில் சொன்ன பெயர்

நாரந்தனையில் நாங்கள் தோட்டம் செய்துகொண்டிருந்த காலம். சண்டை நின்றிருந்தபடியால் யாழ்ப்பாணத்துக்குப் பயமில்லாமல் பஸ்ஸில் போய்வரக் கூடியதாக இருந்தது. என் வீட்டுக்காரருக்குக் கண்புரை முற்றி, அங்கே ஆஸ்பத்திரியில் தங்கவைத்து மறித்துவிட்டார்கள். அடுத்த நாள் காலை ஒப்பரேசன். கண்ணுக்குள் வைக்கிற வில்லையை நாங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். பின்னேரத்துக்குள் கொடுக்காவிட்டால் அவருடைய முறை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று தாதி சொல்லியிருந்தா.

பிரான்சில் இருக்கிற மகள் காசு போட்டாள். மற்ற நேரமென்றால் அவர்தான் போய் எடுப்பார். இந்த முறை நான் போகவேண்டி வந்தது. மகள் ஊர்த் தொலைபேசிக் கடைக்கு அழைப்பு எடுத்து, காசு எடுக்கக் காட்டவேண்டிய ஒரு நம்பர் சொன்னாள்.

"அம்மா, இது ரகசிய நம்பர். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

லைன் இரைந்தது. ஒவ்வொரு எண்ணாக நான் கத்தித் திருப்பிச் சொல்ல, கடைக்காரரே ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

"ஒரு கேள்வியும் கேப்பினம். உங்களுக்குத் தெரிஞ்சதுதான்," என்றாள். அதோடு லைன் அறுந்துபோனது.

ஊர்காவற்துறையில் வெளிநாட்டுக் காசு கொடுக்கிற கடைக்கு, பக்கத்து வீட்டு அக்கா துணைக்கு வந்தா. எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே கம்பியூட்டரோடு ஒரு பிள்ளை இருந்தாள். நான் துண்டை மடித்து, ஒருவருக்கும் தெரியாமல் கொடுத்தேன். அவள் அதை விரித்து முழுவதையும் உரத்து வாசித்துவிட்டு, "சரியே அம்மா?" என்றாள். தலையாட்டினேன். ரகசியம் என்றால் என்னவென்று எனக்கு அப்போதே குழம்பிவிட்டது.

"காசு அனுப்பினவவின்ர தகப்பன்ர பேர் என்ன?"

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்றுதான் எங்கள் பக்கத்தில் வளர்த்தார்கள். இவர், பிள்ளையின் தகப்பன், இஞ்சேருங்கோ, இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"அவர்தான்... எங்கட வீட்டுக்காரர்," என்றேன்.

"அது தெரியும். பேர் என்ன?"

அக்கா பொறுக்கமாட்டாமல் என் தோளுக்கு மேலால் எட்டி அவருடைய பெயரை முழுதாகச் சொல்லிவிட்டா.

"நீங்கள் சொல்லேலாது. அம்மா தன்ர வாயாலை சொல்லவேணும். ரகசியக் கேள்வி."

"இதென்ன ரகசியம்? நாரந்தனையிலை நாய்க்கும் தெரியும் அவன்ர பேர்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. நம்பர் எல்லோருக்கும் கேட்டுவிட்டது, பெயர் எல்லோருக்கும் தெரியும். பிறகு எதை ரகசியம் என்று என்னிடம் கேட்கிறார்கள்? நாளைக்கு அவருடைய கண்ணை அறுக்கப் போகிறார்கள். சொன்னால் அவருக்கு ஏதும் ஆகுமோ? சொல்லாவிட்டால் வில்லை இல்லை. கண்ணாடியில் இருந்த சின்ன ஓட்டையில் வாயை வைத்து மெல்லச் சொன்னேன்.

"கேக்கேல்லை அம்மா. கொஞ்சம் பலமா."

இன்னொரு தரம் சொன்னேன். காசு வந்தது. எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று பஸ் ஏறிய பிறகுதான் எனக்குத் தோன்றியது. கடித உறைகளில் எத்தனையோ தரம் எழுதிய பெயர்தான். எழுதினால் பரவாயில்லை, சொன்னால் மட்டும் ஏன் பிழை என்பதும் அப்போதுதான் யோசனையாக வந்தது. அதற்கு இன்றைக்கும் விடை தெரியாது.

வில்லையை வாங்கி நேரத்துக்குக் கொடுத்துவிட்டோம். ஒப்பரேசன் முடிந்து, கண்ணில் கட்டோடு அவர் படுத்திருக்க, அக்கா வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டா.

"தம்பி, உம்மட மனிசி உம்மட பேரைச் சொன்னவ. ரெண்டு தரம்!"

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"என்ர பேர் உமக்குத் தெரியுமெண்டே நான் நினைக்கேல்லை. எங்கை, ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

கோபமா பகிடியா என்று பிடிபடவில்லை.

"முதல்லை கண்கட்டை அவிழ்க்கட்டும், பிறகு பாப்பம்," என்றேன். பெயர் சொன்னது அவருடைய கண்ணில் காட்டிவிடுமோ என்று அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை.

காலையில் அவிழ்த்தார்கள். சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொன்னார். சரியாகச் சொன்னார். பிறகு, இப்போது பெயரைச் சொல்லுவேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த கட்டில்காரருக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.