நாற்பத்து மூன்றாவது மனு

காலையில் மனுக்கட்டை அவிழ்த்ததும் குமாஸ்தா அம்மாள் முதல் மனுவின் எண்ணைப் பார்க்கிறார். மூக்குக்கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து, நேற்று மாலை குறித்துவைத்த எண்ணோடு ஒப்பிடுகிறார். "ராத்திரில இதுக்குக் கால் முளைச்சிருக்கு" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் மனுவை அதன் தேதிக்குரிய இடத்தில் செருகுகிறார்.

குடிநீர் இணைப்புப் பிரிவில் பதினாறு வருடங்களாக இது நடக்கிறது. பொறியாளர் ஒரு நாளைக்கு மூன்று மனுக்களில்தான் கையெழுத்துப் போடுவார். மேலே இருக்கும் மூன்று. அதனால் அலுவலகத்தில் யாருக்காவது வேண்டியவரின் மனு ராத்திரியோடு மேலே ஏறிவிடும். இந்த அம்மாளுக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் வரிசையக்கா. என் மனு இருபத்தோராவது; அது நகர்கிறதா என்று பார்க்கத் தினமும் அங்கே போய் உட்கார்கிறேன். அவர்மேல் எனக்குள்ள மரியாதையில் கொஞ்சம் சுயநலமும் உண்டு.

சென்ற செவ்வாய்க்கிழமை மேலே இருந்தது அவருடைய தம்பியின் மனு.

"நான்தான் வெச்சேம்மா" என்றார் கண்காணிப்பாளர். "தம்பி சம்சாரம் மாசமா இருக்காங்களாமே. மூணு மாடி தண்ணி தூக்கணுமாம்."

"எட்டு மாசம் சார். இந்தக் கட்டுல மாசமா இருக்கிறவங்க வீடு இன்னும் நாலு இருக்கு. அதுல ஒண்ணு ரெட்டைப் பிள்ளை."

மனு நாற்பத்து மூன்றாவது இடத்துக்குப் போனது.

மதியம் அவருடைய அம்மா போன் செய்தார். பக்கத்து மேசைக்கும் கேட்டது. "கூடப் பொறந்தவனுக்கு ஒரு கையெழுத்து வாங்கித் தர வக்கில்ல, உனக்கெல்லாம் எதுக்குடி உத்தியோகம்?"

"சரிம்மா" என்றார். சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவிட்டார்.

தம்பி குடியிருப்பது எங்கள் கட்டடத்தில், எனக்கு எதிர்வீட்டில். மாலையில், தன் வீட்டுக் குழாயில் பிடித்த இரண்டு கேன்களை வரிசையக்கா ஸ்கூட்டரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். தினமும் இதே நேரம்தான். ஒன்றை வாங்கக் கை நீட்டினேன்.

"வேணாம் சார். உங்க மனு என்கிட்ட இருக்கு."

வெறுங்கையோடு பின்னால் ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

கதவைத் திறந்த தம்பி மனைவி முகம் பார்க்காமல் கேட்டாள். "இன்னும் எத்தனை பேரு அண்ணி?"

"முப்பத்தொம்பது."

அவள் கேனுக்குக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, இரண்டையும் சமையலறைவரை தானே தூக்கிக்கொண்டு போனார்.