பங்குனி மழையில் நனைந்த புகையிலை

புகையிலை வெட்டிய அன்றைக்கு மாமனார் இருந்தார். மாமியார் இருந்தார். என் வூட்டுக்காரர் இருந்தார். கொழுந்தன் இருந்தான். நான் இருந்தேன். பால் மறக்காத என் மகள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

வூட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டம்தான். பாதியில் புகையிலை, மீதியில் கத்திரி, மிளகாய். கிணற்றுத் தண்ணி உப்பு. புகையிலைக்கு அது நல்லது, இலையில் காரம் ஏறும். கத்திரிக்கு ஆகாது. அதற்கு ஓடையில் ஊற்று தோண்டி நானும் மாமியாரும் குடத்தில் சுமந்து ஊற்றினோம். ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. கார்த்திகையிலும் இல்லை. தையில் ஓடை ஊற்றும் வற்றியது. கத்திரி நின்ற இடத்திலேயே காய்ந்தது. பிடுங்கி அடுப்பெரித்தோம்.

மேட்டுக்காட்டில் கேழ்வரகும் வரவில்லை. உலகச் சண்டை நடந்த காலம். காசு வைத்திருந்தவனுக்கே தானியம் கிடைக்கவில்லை. கம்பைநல்லூர்ச் சந்தையில் ஒரு வியாபாரி மட்டும் புகையிலைக்குக் கேழ்வரகு தருவார். அடுத்த அறுப்பு வரைக்கும் எங்களுக்குக் களி அந்தப் புகையிலையில்தான் இருந்தது. வேறு இல்லை. எப்படிச் சிக்கனமாகக் கிண்டினாலும் ஒரு நாளைக்கு ஒரு படி ஆகும்.

வெட்டிய செடியை அப்படியே தோட்டத்தில் மூன்று நாள் பரப்பிப் போடவேண்டும். பகலில் வெயில், ராத்திரியில் பனி. இலை பதமாகும். அப்புறம் பந்தலில் தொங்கவிட்டு, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் போர் போட்டு மூடுவோம். அந்த மூன்று நாளில் மழை பட்டால் காரம் கழுவிக்கொண்டு போய்விடும். பங்குனியில் யார் மழையை நினைப்பார்கள்?

இரண்டாம் நாள் காலையில் நான் தூரமானேன். தூரமானவள் வூட்டுக்குள் வரக்கூடாது. புகையிலையைத் தொடவே கூடாது, தொட்டால் போர் அழுகும் என்பார்கள். மகளோடு ஆட்டுக்கொட்டாயில் உட்கார்ந்தேன். அன்றைக்கென்று மாமனாரும் மாமியாரும் ஒரு எழவுக்குப் போனார்கள். என் வூட்டுக்காரரும் கொழுந்தனும் பந்தலுக்குக் கம்பு வெட்ட மலைக்குப் போனார்கள்.

மத்தியானம் தாண்டி ஒகேனக்கல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. நான் வேலியோரம் நின்றேன். பக்கத்து வூட்டுக்காரி ஓடிவந்தாள். அவள் வூட்டில் கன்னடம் பேசுவார்கள்.

"ஏனக்கா மரம் மாதிரி நிக்கற?"

"நான் தூரம்."

"அத மழகிட்ட சொல்லு, திரும்பிப் போவுதான்னு பாக்கலாம். பேக, பேக!" அவசரம் என்றால் அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

அவள் அள்ளி அள்ளி வூட்டுக்குள் போட்டாள். ஒருத்தி எவ்வளவு தூக்குவாள்? நானும் இறங்கினேன். நான் அள்ளியதை ஆட்டுக்கொட்டாயில் போட்டேன். பிறகு ஆலங்கட்டியோடு கொட்டியது. பாதிக்கு மேல் மண்ணில் கிடந்து நனைந்தது.

பொழுது சாய எல்லாரும் வந்தார்கள். மாமியார் கொட்டாயைப் பார்த்தார்.

"இத யாரு கொண்டாந்தது?"

"நாந்தான் ஆத்தா," என்றாள் பக்கத்து வூட்டுக்காரி.

"நீயா? வூடு தொறந்து கெடக்க, ஆட்டுப் புழுக்க மேல ஏன் போட்ட?"

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு போய்விட்டாள்.

என் வூட்டுக்காரர் ஒரு இலையை எடுத்துத் தடவினார். "நல்ல எலம்மா. ஒரு சொட்டு படல."

"சேத்து வெச்சா மொத்தமும் அழுவும். அப்பறம் உம் புள்ளைக்கு என்னடா குடுப்ப?"

அவர் இலையைக் கீழே வைத்தார். மாமியார் கெட்டவர் இல்லை. பயந்தார். நானும் அவர் சொன்னது சரி என்றுதான் அப்போது நினைத்தேன்.

கொட்டாயில் இருந்ததைக் கொழுந்தன் வாரி எருக்குழியில் போட்டான். மண்ணில் நனைந்து கிடந்ததைப் பொறுக்கி, உதறி, நாலு நாள் காயவைத்து, வூட்டுக்குள் இருந்ததோடு சேர்த்தார்கள். நான் தொடாதது அது. போர் போட்டு மூடினார்கள்.

போரைப் பிரித்தபோது நடுவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. பூத்ததைத் துணியால் துடைத்தோம்.

சந்தையில் வியாபாரி ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுத் துப்பினாராம். "பெரியவரே, இது பொகையிலைங்களா, முருங்கக்கீரைங்களா? மாட்டுக்குப் போடலாம், மாடு ஒத்துக்கிட்டா." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். மாமனார் நின்றபடியே நின்றாராம். என் வூட்டுக்காரர் சொன்னார்.

முந்தின வருசம் வண்டியில் கேழ்வரகு மூட்டை வந்தது. இந்தத் தடவை மாமனார் தோளிலேயே தூக்கிவந்தார். மாமியார் முறத்தில் கொட்டி அளந்தார். ஒரு தடவை அளந்து, திரும்பவும் அளந்தார்.

பதினொரு படி.