பொம்மைக்குப் பெரிதான கவுன்

பொம்மைக்குக் கவுன் பின்ன என் மகள் காசு கட்டி போனில் ஒரு பேட்டர்ன் வாங்கியிருந்தாள். குரோஷா ஊசியை அவள் கையில் எடுத்ததுமே எனக்குப் படபடப்பு வந்துவிட்டது.

என் சின்ன வயதில் ஒரு நாள், பிள்ளைப்பாக்கம் வீட்டில் இருந்தது மூன்று பேர்: நான், நிறைமாத அம்மா, பக்கத்து வீட்டு சரசு அக்கா. அப்போது எனக்குப் பத்து வயது. ஸ்ரீபெரும்புதூரில் வாங்கிய பேட்டர்ன் புத்தகத்தைப் பார்த்து என் பொம்மைக்குக் கவுன் பின்னியிருந்தேன். என் பின்னல் தளர்வு. கவுன் மூன்று மடங்கு பெரிதாகிவிட்டது.

சரசு அக்கா அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது? பொறக்கறதுக்கு முன்னாலயே எவளாச்சும் துணி பின்னி வைப்பாளா? வயித்துல கீற புள்ளைக்கு ஆவாதுடி!"

"பொம்மைக்குத்தான்க்கா!"

"இம்மாம் பெரிய பொம்மை எந்த வூட்ல கீது?"

அம்மா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். நான் அவசரமாக நூலைப் பிரித்தேன். பாதி பிரிப்பதற்குள் அம்மாவுக்கு வலி கண்டது. ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் அழுதுகொண்டே பிரித்தேன்.

தம்பி நல்லபடியாகத்தான் பிறந்தான். ஆனாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நம்பிக்கையில்லை. அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அப்பா சொன்னதும், பள்ளிக்கூடம் போவதை நானே நிறுத்திக்கொண்டேன்.

இப்போது அவன் ஒரகடத்தில் வேலை பார்க்கிறான். ஷிஃப்ட் முடிந்து வீடு சேர்ந்ததும் எனக்கு போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று இதுவரை சொன்னதில்லை.