ஒரு நிறுத்தத்துக்கு முன்பே எழுந்துகொள்வது

மறுநாள் அம்மாவுக்கு ஊர் திரும்பும் விமானம். அதற்குள் இங்கிலாந்துக் கடலில் ஒருமுறையாவது காலை நனைத்துவிட வேண்டும் என்றார். பழவேற்காட்டில் மீன்பிடிக்கும் மாமா, அந்தக் கடலும் உப்புக் கரிக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லியிருந்தார். நான் அங்கே படித்துவந்த ஊரோ கடலிலிருந்து வெகு தொலைவு. வாடகைக் கார் சுலபம்தான். ஆனால் இரண்டு பேருக்காக அத்தனை புகையைக் காற்றில் கலப்பது நியாயமா என்று நெடுநேரம் யோசித்து, வடமேற்குக் கடலோர ரயிலில் அழைத்துச் சென்றேன். அம்மாவை விமானத்தில் வரவழைத்ததை அந்த யோசனையில் சேர்த்துக்கொள்ளவில்லை.

பெட்டி பாதிக்குமேல் காலி. ஆனாலும் அம்மா முந்திப்போய் ஜன்னலோரத்தில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்தார். எதிரே வயதான ஆங்கிலேயத் தம்பதி. தண்டவாளத்தை ஒட்டியே அலைகள் வந்து திரும்பின. நாங்கள் இறங்கவேண்டிய சிறிய நிலையத்துக்கு ஒரு நிறுத்தம் இருக்கும்போதே அம்மா எழுந்துவிட்டார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை முடித்து ஆரம்பாக்கத்துக்கு ரயிலில் வந்து பழகியவர். அந்தக் கூட்டத்தில் முன்கூட்டியே கதவை நோக்கி நகராதவர்கள் எல்லை தாண்டித் தடாவில்தான் இறங்குவார்கள்.

"உக்காரும்மா. இங்க யாரு நம்மள தள்ளப்போறாங்க?"

"உக்காந்துக்கினே இரு, ஆந்திராவுல போய் எறங்கலாம். எந்திரிடி."

நின்றோம். எங்களைக் கண்ட தம்பதி, தங்கள் ஊர் வந்துவிட்டது என்று எண்ணி மரியாதையாகப் பின்னால் வந்து நின்றனர். அப்போது வந்த ரயில் கார்டு, எங்கள் வரிசையைப் பார்த்து வியந்து, அடுத்த நிலையத்தில் எல்லோரும் இறங்குகிறீர்களா என்று கேட்டார். முன்கூட்டிச் சொன்னால்தான் ரயில் அங்கே நிற்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவசரமாகத் தலையசைத்தேன்.

ரயில் நின்று, எங்கள் நால்வரையும் இறக்கிவிட்டுப் போன பிறகே, தம்பதி தங்கள் ஊர் இன்னும் இரண்டு நிலையம் தள்ளி இருப்பதை உணர்ந்தனர். அடுத்த ரயிலுக்கு வெகுநேரம் இருந்தது. இதில் எங்கள் பொறுப்பு எவ்வளவு என்பதை விளக்கி நான் நீண்ட மன்னிப்புக் கோரினேன். அம்மா கட்டிக்கொண்டு வந்திருந்த புளிசாதப் பொட்டலத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கினார். ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புதான். ஆனா மீன் பொட்டி ஐஸுல கால உட்ட மாதிரி கீது."

வந்த வேலை முடிந்தது. நேராக அங்கிருந்த ஒரே நடைமேடைக்குப் போய் விளிம்போரமாக நின்றுகொண்டார். ரயில் வர இன்னும் நேரமிருக்கிறது, உட்காரலாம் என்றேன். கேட்கவில்லை. சற்றுநேரத்தில், புளிசாதத்தை மென்றபடியே தம்பதியும் அவர் பின்னால் வந்து நின்றனர்.