ஒவ்வாமை எதுவும் இல்லை

அந்த மருத்துவமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவள் கம்ப்யூட்டர் அக்கா. சீட்டுப் பதியும் வேலையில் சேர்ந்தவள்; பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுத்துப் பழகி, மாலை வகுப்பில் பைத்தான் படித்து, நோயாளிகளின் விவரங்களை டேட்டாபேசிலிருந்து வார்டுத் திரைகளுக்குக் கொண்டுவரும் நிரல்களைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டாள். பயந்த சுபாவம். பஸ் ஓட்டும் கணவர் கேலி செய்வார்: "உன் போன் அடிச்சா நம்ம வீட்டுப் பூனைகூட எந்திரிச்சு நிக்குது."

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பெண்கள் வார்டு நர்ஸ் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க ஒரு அம்மாவுக்குப் பெனிசிலின் ஆகாதுன்னு அவங்க பொண்ணு சொல்றாங்க. திரையில 'ஒவ்வாமை எதுவும் இல்லை'ன்னு வருது. எதை நம்புறது?"

"பொண்ணை நம்பு. ஊசி போட்டுடாத. நான் பாக்குறேன்."

டேட்டாபேசுக்குள் நேராக நுழைந்து அந்த அம்மாளின் எண்ணைக் கொடுத்துப் பார்த்தாள். பெனிசிலின் என்று பளிச்சென்று வந்தது. டேட்டாபேசிடம் கேட்ட அதே கேள்வியை நிரல் வழியாக ஓட்டினாள். ஒன்றும் வரவில்லை. எழுத்துப் பிழையோ என்று சொல் சொல்லாகத் தடவிப் பார்த்தாள்; அச்சு அசல் அதே கேள்விதான். ஒவ்வாமை உள்ள வேறொருவரின் எண்ணைப் போட்டாள். அதற்கும் ஒன்றுமில்லை.

நிரலின் அடிவரை படித்துக்கொண்டு போனபோது அந்த இடம் கண்ணில் பட்டது. இந்த வேலையில் அவளுக்கு முன்பு இருந்தவர் எழுதியது. ஏதாவது பிழை வந்தால் அதை விழுங்கிவிட்டு, விவரம் எதுவுமே இல்லாததுபோல் காட்டும்படி வைத்திருந்தார். விழுங்கும் வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். இப்போது சிவப்பு எழுத்தில் வந்தது: ஒவ்வாமை அட்டவணையைப் படிக்க அனுமதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டேட்டாபேசைப் புதிய சர்வருக்கு மாற்றியவள் அவள்தான். நிர்வாகியின் கணக்கில் நுழைந்து சோதித்தாள், எல்லாம் வந்தது. நிரல் நுழையும் கணக்குக்கு அந்த ஒரு அட்டவணையைத் திறந்துவிட மறந்திருந்தாள். அன்றிலிருந்து திரையைப் பார்த்தால் அந்த மருத்துவமனையில் யாருக்கும் எந்த ஒவ்வாமையும் இல்லை.

மேலாளரிடம் ஓடினாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"சத்தம் போடாதம்மா. சரி பண்ணிடு. வெளிய சொல்ல வேணாம்."

"சரி பண்ண ஒரு வரி போதும் சார். ஏற்கெனவே போட்ட ஊசிய எப்படி சார் வெளிய எடுக்கிறது?"

தன் மேசைக்கு வந்து, அனுமதி தரும் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு வார்டு வார்டாகப் போன் செய்தாள். "திரையைப் பாத்து மருந்து குடுத்த எல்லாரையும் இப்பவே போய்ப் பாருங்க." ஆண்கள் வார்டு நர்ஸ் சட்டென்று குறுக்கிட்டாள்.

"அக்கா... ஓரக் கட்டில்காரருக்கு இப்பதான் பெனிசிலின் ஏத்தினேன்."

போன் மேசையில் விழுந்த சத்தம். ஓடும் செருப்புகள். திரைச்சீலை வளையங்கள் கம்பியில் உரசின. "டாக்டர்! டாக்டர்!" என்று யாரோ கத்தினார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் நின்றாள். அவர் யார், கல்யாணம் ஆனவரா, ஒன்றும் தெரியாது. வைத்துவிட்டால் அவர் செத்துப்போவார் என்று ஏனோ தோன்றியது.

"முகமெல்லாம் வீங்கிடுச்சுக்கா," நர்ஸின் குரல் இரைத்துக்கொண்டு வந்தது. "மாத்து மருந்து போட்டாச்சு. இப்ப மூச்சு விடுறாரு."

மதியம் அவரைப் பார்க்கப் போனாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலருகே இருந்த மனைவியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் திட்டவில்லை.

"நாலு பேர் வந்து போனீங்க. ஒருத்தராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

தலைகுனிந்து திரும்பினாள்.

மேலாளர் விளக்கம் கேட்டு எழுதினார், வேலை போகவில்லை. இப்போது நிரல் எந்தப் பிழையையும் விழுங்குவதில்லை. கேட்ட கேள்விக்கு டேட்டாபேசிலிருந்து பதில் வராவிட்டால் திரை முழுக்கச் சிவப்பில் வருகிறது: 'விவரம் கிடைக்கவில்லை. நோயாளியை, கூட இருப்பவரைக் கேளுங்கள்.'

பெரிய டாக்டர் ஒருநாள் முகம் சுளித்தார். "இதப் பாத்தாலே பயமா இருக்கும்மா."

"இருக்கட்டும் சார்," என்றாள். அதைச் சொல்லும்போதும் அவள் குரல் நடுங்கியது.